பழைய டிராக்டரில் தண்ணீர் மூடி ஒழுகுகிறதா? தகடு வாங்கும் முன்

கேள்வி: எங்களுடையது அப்பா காலத்து டிராக்டர். இன்ஜின் பக்கவாட்டில் தண்ணீர் அறையை மூடியிருக்கும் தகடு துருப்பிடித்து இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. போன சம்பாவுக்கு உலோகப் பசை வைத்து அடைத்தோம். கேஜ் வீல் மாட்டிச் சேறு அடித்த மூன்றாம் நாளே பெயர்ந்துவிட்டது. மன்னார்குடியில் கேட்டால், ஒரே தகட்டை இரண்டு விலையில் காட்டுகிறார்கள். மெக்கானிக்கோ, "தகட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரே வேண்டாம், சிலிகான் பசை போதும்" என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: கடைக்குப் போகும் முன் பழைய தகட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான தகடு வந்துவிடலாம். ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் போல்டு ஓட்டைகள் மாறியிருக்கலாம். புதுத் தகட்டைப் பழையதன் மேல் வைத்து, ஓட்டைக்கு ஓட்டை நேராக இருக்கிறதா பாருங்கள். பிறகு கடைக் கண்ணாடி மேசையில் அதைக் கவிழ்த்து வைத்து, ஓரத்தை விரலால் அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தகட்டின் கனத்தில்தான் இருக்கும். மெல்லிய தகடு போல்டை முறுக்கும்போது ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்டுக்கு நடுவே மேலே எழும்பிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் ஒழுகும். ஆகவே கனமானதையே வாங்குங்கள்.

சில வண்டிகளுக்கு ஒரிஜினல் பாகம் கிடைப்பதே கடினம். எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் தந்தது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வேறு கம்பெனிகள் செய்யும் பாகத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். உங்கள் மூடி மேடு பள்ளம் இல்லாத தட்டைத் தகடாக இருந்தால், லேத் பட்டறையில் பழையதை அச்சாக வைத்துக் கனமான இரும்புத் தகட்டில் வெட்டி வாங்கிவிடலாம். அது கடைத் தகட்டைவிட நன்றாக உட்காரும் என்பது என் அனுபவம். பழைய தகட்டின் ஓட்டையை வெல்டிங் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூட்டில் தகடு கோணிக்கொள்ளும், அரித்த இரும்பு பக்கத்திலேயே மறுபடி ஓட்டை விடும்.

சரி, சிலிகானா பேக்கிங்கா? இரண்டும் வேலை செய்யும். எதைப் போட்டாலும் தகடு உட்காரும் இன்ஜின் பிளாக்கின் முகம் சுத்தமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பழைய பேக்கிங் பேப்பர், காய்ந்த பசை, துருப் பக்கு எல்லாவற்றையும் மழுங்கிய பிளேடால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, கடைசியாகப் பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். சுரண்டும்போது தண்ணீர் அறை வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கும் முகத்தில் எந்தச் சிலிகானும் ஒட்டாது.

நானாக இருந்தால் பேக்கிங் பேப்பர் வெட்டி, அதன் இரு பக்கமும் சிலிகானை மெல்லியதாகப் பூசுவேன். பழைய பிளாக்கின் முகத்தில் உப்புத் தண்ணீர் அரித்த குழிகள் இருக்கும், வெறும் பேப்பர் அவற்றை நிரப்பாது. பேப்பரே இல்லாமல் சிலிகானைத் தடிமனாகப் பிதுக்குவதில் ஆபத்து இருக்கிறது. வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துணுக்கு பெயர்ந்து போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாயில் அடைத்துக்கொள்ளும். ஒழுகலை நிறுத்தப் போய் இன்ஜின் சூடாகிற வியாதியை வாங்கிக்கொள்வோம்.

போல்டுகளைப் பார்த்துக் கழற்றுங்கள். வருடக்கணக்காகத் தண்ணீரில் ஊறியவை ஒரே முறுக்கில் தலை அறுந்துவிடும். முதல் நாள் இரவே டீசல் விட்டு ஊற வைத்து, காலையில் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக வெளியே கொண்டுவாருங்கள். போல்டு ஓட்டை தண்ணீர் அறைக்குள் திறந்திருந்தால் மரை வழியாகவும் கசியும். மரையிலும் பசை தொட்டுப் போடுங்கள். இறுக்கும்போது நடுவிலிருந்து எதிரெதிர் போல்டாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு நாள் காய விட்டபிறகே தண்ணீர். அதனால் இந்த வேலையை, மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, வண்டி சும்மா நிற்கும் வெயில் மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தகடு ஏன் அரித்தது? உங்கள் ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதையே ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தால் புதுத் தகடும் அதே வழிதான் போகும். அதற்குப் பதில் ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட் திரவத்தை ஊற்றுங்கள். "கூலன்ட் பனி பெய்யும் ஊருக்குத்தானே" என்று நம் பக்கம் சொல்வார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது, டெல்டாவுக்கு வேண்டியது அதுவே. அடர் கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்குங்கள். கலந்தே வருவதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள். வடித்த பழைய கூலன்டை வாய்க்காலிலோ தொழுவத்தருகிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், அது உயிரைக் கொல்லும் விஷம்.

வேலை முடிந்து ஓட்டிய மறுநாள் ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. அது தகட்டோடு முடியாது, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இதே போல வாங்கிய தகட்டில் ஊசித் துளை. கடைக்காரர், "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார். விட்டுவிட வேண்டியதுதானா?
- ஒரு வாசகி, பாபநாசம்

பதில்: விடாதீர்கள் அம்மா. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில் தர மறுப்பதும் அதே வகைக் குற்றச்சாட்டில் வரும். முதலில் தகட்டில் தண்ணீர் ஊற்றித் துளை தெரியும்படி போட்டோ எடுத்து, பில்லோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் டிராக்டர் என்பதையும் மனுவில் எழுதுங்கள், "வியாபாரத்துக்கு வாங்கியது" என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்க இடம் தரக்கூடாது. துளையை நீங்களே பசை வைத்து அடைத்துவிட்டுப் பிறகு புகார் கொண்டு போகாதீர்கள். தகடு வாங்கியபடியே இருக்கட்டும்.