வட்டம் சுற்றும் ரயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் மாடியறையில் இருக்கும் சின்னக் குன்னூர் ஸ்டேஷனை, அதாவது நீங்கள் செய்து ஓட்டும் மாடல் மலை ரயிலைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். நான் திண்டுக்கல்லில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன கோடையில் பேரனைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனேன். அவனுக்கு ஒன்பது வயது. உங்கள் கட்டுரையை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ‘எஞ்சின் நான்கு பெட்டிகளையும் மலைமேல் இழுத்துக்கொண்டு குன்னூருக்குள் நுழைகிறது’ என்ற வரி வந்ததும், “தாத்தா, எஞ்சின் பின்னாடிதானே இருந்துச்சு?” என்றான். யார் சொல்வது சரி?

இன்னொரு விஷயம். ஜெர்மனியில் வேலை செய்யும் மருமகன் ஒரு ரயில் செட் வாங்கி வந்தார். நீராவி எஞ்சின் ஒன்று, வேகன் நான்கு, வட்டமாகப் போடும் தண்டவாளம். முதல் நாள் வீடே கூடி நின்று பார்த்தது. பத்து நாளில் சலித்துவிட்டது. சுற்றுகிறது, சுற்றுகிறது, அவ்வளவுதான். இப்போது பீரோ மேல் இருக்கிறது. ‘வயசான காலத்தில் பொம்மை’ என்று வீட்டில் கேலி வேறு. நீங்கள் எட்டு வருடமாக எப்படிச் சலிக்காமல் இருக்கிறீர்கள்? எனக்கும் ஒரு மலை ரயில் செய்ய ஆசை. குகை, பாலம், அருவி எல்லாம் வைக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள நண்பருக்கு,

பேரன் சொன்னதுதான் சரி. மலை ஏறும்போது எஞ்சின் பள்ளத்துப் பக்கம் இருந்துகொண்டு பெட்டிகளைத் தள்ளும். நடுவில் பெட்டிகளைக் கோர்க்கும் கப்ளிங் ஒன்று விட்டுப்போனால் பெட்டிகள் தனியே கீழே உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. என் மேஜையிலும் எஞ்சின் பின்னால்தான் நிற்கிறது. எழுதும்போது கை பழக்கத்தில் ‘இழுத்துக்கொண்டு’ என்று போட்டுவிட்டது. திருத்திவிட்டேன். முன்பெட்டியின் மேடையில் கொடியோடு ஒருவர் நின்றதையும் அவன் கவனித்திருப்பான். ஓட்டுநர் கடைசியில் இருப்பதால் முன்னால் பாதை அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்காளர் இருப்பார், எஞ்சின் விசிலைக் கேட்டு அவரவர் பெட்டியின் பிரேக்கைப் போடுவார். ஒரு ரயிலை இத்தனை பேர் சேர்ந்து ஓட்டுகிறார்கள் என்பதே எனக்கு முதலில் தெரியாது. மாடல் செய்ய உட்கார்ந்தபிறகு தெரிந்துகொண்டதுதான்.

சரி, உங்கள் சலிப்புக்கு வருகிறேன். அது நியாயமான சலிப்பு. உங்கள் ரயிலுக்கு எந்த வேலையும் இல்லை. எங்கிருந்தும் கிளம்பவில்லை, எங்கும் போய்ச் சேரவில்லை, யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. செக்கு மாடாவது எண்ணெய் ஆட்டுகிறது.

இதை நான் பெரிய செலவில்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் இப்போது ஆசைப்படும் மலையை நான் ஏற்கெனவே கட்டி இடித்தவன். எட்டடிக்கு ஆறடி. கோழிவலை, பழைய செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டர். மூன்று குகைகள், இரண்டு பாலங்கள், அருவிக்கு மீன்தொட்டி பம்ப். ஒன்றரை வருட உழைப்பு. ரயில் ஒரு குகையில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வரும். மறுபடியும் நுழையும். அதாவது, பழைய வட்டத்தின்மேல் ஒரு மலையைக் கவிழ்த்து வைத்திருந்தேன்! நடுக்குகையில் தடம் புரண்டால் கை எட்டாது, அகப்பைக் காம்பை விட்டுத்தான் தள்ள வேண்டும். அந்த ஐப்பசி மழைக்கு பிளைவுட் உப்பி, தண்டவாளம் பாம்பாக நெளிந்துவிட்டது. இடித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். வேறு காரணத்துக்காக என்றுதான் இன்றுவரை சொல்கிறார்கள்.

அப்புறம்தான் மலையை விட்டுவிட்டு ஸ்டேஷனைப் பிடித்தேன்.

ஏன் குன்னூர் என்று பலர் கேட்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பதித்த பல் வைத்த இரும்புச் சட்டம்தான் பல்சட்டம். கல்லாறைத் தாண்டித் தொடங்கும் அது குன்னூரில் முடிகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது, ஊட்டிக்கு 1908இல்தான் போய்ச் சேர்ந்தது. ஆக ஒன்பது வருடம் குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன். எஞ்சின் ஷெட் அங்கே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் நேராக ஊட்டிக்குப் போய்விட முடியாது. வந்த வழியே கொஞ்ச தூரம் பின்னுக்கு வந்து, அதன்பிறகுதான் ஊட்டிப் பாதையைப் பிடிக்க வேண்டும். மாடல் செய்கிறவனுக்கு இது லாட்டரி. ஒரே ஒரு பயணிகள் ரயில் வந்தாலே பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) மாற்ற வேண்டும், கைகாட்டி இறக்க வேண்டும், எஞ்சினைக் கழற்றித் தண்ணீருக்கு அனுப்ப வேண்டும். நடுவில் கீழேயிருந்து ஒரு சரக்கு வண்டி வந்துவிட்டால் கை இரண்டு போதாது.

ஸ்டேஷனைத் தீர்மானித்ததும் வருடத்தைத் தீர்மானியுங்கள். என்னுடையது 1953, தென்மேற்குப் பருவமழை விட்ட ஒரு காலை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையிலிருந்து இந்த மலைப்பாதைக்கான எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் 1914 முதல் வரத் தொடங்கின, 1952இலும் ஒரு தொகுதி வந்தது. அதனால் என் ஷெட்டில் கரி அப்பிய பழைய எஞ்சினும் பளபளக்கும் புது எஞ்சினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடிகிறது. டீசல் கிடையாது, எண்ணெயில் எரியும் எஞ்சினும் கிடையாது. வருடத்தை முடிவு செய்யாவிட்டால் பார்த்ததையெல்லாம் வாங்கத் தோன்றும். ஸ்டேஷன் வாசலில் ஆசையாக ஓர் அம்பாசிடர் காரை நிறுத்தியிருந்தேன். பார்க்க வந்த ஒரு மெக்கானிக் நண்பர், ‘1957க்கு முன்னாடி அம்பாசிடர் ஏதுங்க?’ என்றார். அன்றே அதை எடுத்துவிட்டு ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினேன். மாட்டுவண்டியை எந்த வருடத்தில் வைத்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

அளவு பற்றிக் கொஞ்சம் கணக்கு. வங்கிக்காரர், பொறுத்துக்கொள்வீர்கள். உலகமெங்கும் அதிகம் விற்கும் மாடல் அளவு எச்.ஓ., அதாவது 87இல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள 1,676 மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், ஐரோப்பிய அகலம். அதன்மேல் நம் ஊர் பெட்டியை வைத்தால் பெரிய ஆள் குழந்தை சைக்கிளில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் மலை ரயில் ஓடும் மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, செய்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1,000 மில்லிமீட்டரை வகுத்தால் 11.5. சுவிஸ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறார்கள், நடுவில் பல்சட்டத்தோடும் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை உங்கள் பேரனால்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ் எஞ்சின் ரெடிமேடாக எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு சுவிஸ் எஞ்சினின் அடிப்பாகத்தை வாங்கி, மேல்கூட்டைப் பித்தளைத் தகட்டில் செய்தேன். மெனக்கெட வைத்தது சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின்மேல் ஒன்று, மொத்தம் நான்கு. இரண்டு சிலிண்டர்கள் சக்கரத்தைச் சுழற்றும். பல்சட்டத்தில் ஏறும்போது மட்டும், அங்கே வேலை முடித்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டுக்கும் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள்.

இடம்? என் பலகை மூன்று மீட்டர் நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம். அவ்வளவுதான். மலை ரயில் நீளமானதில்லை, எஞ்சினும் நான்கு பெட்டிகளும் முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று. மாடலில் ஒரு மீட்டர் ஓடினால் சுமார் எட்டு சென்டிமீட்டர் ஏற வேண்டும். அந்த ஒரு மீட்டரை மட்டும் பலகையின் இடது ஓரத்தில் வைத்திருக்கிறேன், மலை என்பதற்கு அது போதும். ஓரத்துக்கு அப்பால், சுவரை ஒட்டி, இரண்டு நீள மரத்தட்டுகள். ஒன்றில் ‘மேட்டுப்பாளையம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன், இன்னொன்றில் ‘ஊட்டி’. ரயில் அந்தத் தட்டுக்குள் போய்விட்டால் ஊருக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அருவி கிடையாது. அருவியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள், மின்சாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டாம்.

இனி ஓட்டுவது. வேகத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். பல்சட்டப் பகுதியில் நிஜ ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள். அதை 87ஆல் வகுத்தால் வினாடிக்கு நான்கு சென்டிமீட்டர் சொச்சம். எறும்பு வேகம். உங்கள் ஜெர்மன் செட்டில் குமிழை முழுக்கத் திருகினால் வினாடிக்கு அறுபது சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ அளவில் அது மணிக்கு 188 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் பாவம்! மெதுவாக ஓட்டிப் பாருங்கள், நின்று கிளம்புவதைப் பாருங்கள், அப்போதுதான் அதற்கு எடை வருகிறது. ஆனால் மெதுவாக ஓட வேண்டுமென்றால் தண்டவாளம் சுத்தமாக இருக்க வேண்டும். நம் ஊர் தூசிக்கு வாரம் ஒருமுறையாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் எஞ்சின் திக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாற்பது நிமிடம், நானும் மெக்கானிக் நண்பரும். சுவரில் ஒரு கடிகாரத்தை வேகமாக ஓடும்படி மாற்றி வைத்திருக்கிறோம், பத்து நிமிடத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அட்டையில் கால அட்டவணை. ஒற்றைப் பாதை என்பதால் பழைய பித்தளை வளையல் ஒன்றை டோக்கன் ஆக்கியிருக்கிறோம். வளையல் யார் கையில் இருக்கிறதோ அவர் ரயில்தான் மலைப்பாதையில் போகலாம். நண்பர் மேட்டுப்பாளையம் தட்டுப் பக்கம் இருந்து மணி அடித்து ‘அனுப்பட்டுமா?’ என்று கேட்பார். என் லைன் காலியாக இருந்தால் பதில் மணி. ஷெட்டுக்கு வந்த கரி வேகன் அந்த நேரம் பார்த்து நடுப்பாதையில் நின்றுகொண்டிருக்கும். அதை ஒதுக்கிவிட்டுப் பதில் மணி அடிப்பதற்குள் கடிகாரத்தில் இருபது நிமிடம் போயிருக்கும். ஊட்டி ரயில் லேட். எந்தத் தப்பும் செய்யாத இரண்டாயிரம் பயணிகள் என்னைத் திட்டுவதுபோல இருக்கும். (நான்கு பெட்டியில் இரண்டாயிரம் பேர் எங்கே என்று கேட்காதீர்கள். சீசன் நேரம்.) எட்டு வருடத்தில் ஒரு ஞாயிறு மாதிரி இன்னொன்று இருந்ததில்லை. பொம்மையா என்றால், ஆமாம், பொம்மைதான். கேரம்போர்டும் பலகைதான்.

நீங்கள் குன்னூரில் தொடங்க வேண்டாம். பீரோமேல் இருப்பதை இறக்குங்கள். இரண்டு பாயிண்ட், ஒரு வேகன், கொஞ்சம் நேர் தண்டவாளம் மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒரு பாதை மூன்றாகப் பிரிய வேண்டும். ஒன்றில் மூன்று வேகன் நிற்கலாம், மற்ற இரண்டில் இரண்டிரண்டு. பிரியும் இடத்துக்கு முன்னால் எஞ்சினும் இரண்டு வேகனும் நிற்கும் அளவுக்கு மட்டும் இடம் விடுங்கள், ஒரு அங்குலம்கூட அதிகம் வேண்டாம். ஐந்து வேகனுக்கும் ஐந்து சீட்டு எழுதிக் குலுக்கி, மூன்றை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த மூன்று வேகனையும் நீளமான பாதையில் கோர்த்து நிறுத்த வேண்டும். கையால் தொடக் கூடாது, எஞ்சினால் மட்டும். மொத்தம் 60 வரிசை வரும். இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த பெரிய ஆட்டத்தில் எட்டு வேகனில் ஐந்தை எடுக்க வேண்டும், 6,720 வரிசை. தண்டவாளம் ஒரு சாப்பாட்டு மேஜைக்குள் அடங்கும். ஷண்டிங், அதாவது வேகன்களைக் கழற்றி, கோர்த்து, பாதை மாற்றி நிறுத்தும் வேலை, இதில் கை பழகிவிடும். ஒரு மாதம் கழித்தும் இது பிடித்திருந்தால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு குன்னூருக்குப் போங்கள். மேடையின் நீளம், தூண்களுக்கு நடுவே உள்ள தூரம், கதவின் உயரம் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். பிடிக்காவிட்டால் செட்டைப் பேரனுக்குக் கொடுத்துவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

தனியாகத்தானே ஓட்ட வேண்டியிருக்கும் என்று யோசிப்பீர்கள். இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்று ஒரு பாதிரியார் இருந்தார். பக்கிங்ஹாம் என்ற ஊருக்கு, 1907ஆம் வருடத்தில் நடப்பதாக ஒரு கிளைப்பாதையைக் கற்பனை செய்து, பல பத்தாண்டுகள் கட்டி ஓட்டினார். பாதையின் மறுமுனையைக் கவனித்துக்கொண்ட மகன் கிறிஸ்பின் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும், மணி அடித்து ரயிலை அனுப்பவும் வாங்கவும் ஓர் இயந்திரத்தையே செய்தார். அதற்கு வைத்த பெயர் ‘தானியங்கி கிறிஸ்பின்’.

உங்கள் பேரனுக்கு ஒன்பது வயதுதான் ஆகிறது. அவன் கல்லூரிக்குப் போகும்வரை உங்களுக்கு இயந்திரம் தேவைப்படாது. அவனை மேட்டுப்பாளையத்தில் உட்கார வையுங்கள். எஞ்சின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதும் அவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அன்புடன்.