வாசகர் கேள்விகள்: மலை மருத்துவமனைக்குக் காற்றும் கதகதப்பும்

கேள்வி: எங்கள் அறக்கட்டளை கோத்தகிரிக்கு அருகே சிறிய மருத்துவமனை ஒன்றைக் கட்ட இருக்கிறது. ஆறு படுக்கைகள் வீதம் இரண்டு வார்டுகள். குளிருக்காக ஜன்னல்களைச் சிறிதாக வைக்கலாம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள்; காற்றோட்டத்தில் கை வைக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். யார் சொல்வதைக் கேட்பது?
— அறக்கட்டளை உறுப்பினர் ஒருவர்

பதில்: மருத்துவர் சொல்வதையே கேளுங்கள், ஆனால் பெரியவர்களின் அச்சத்துக்கும் வரைபடத்திலேயே விடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், முதல் சாரல் அடித்த அன்று மூடப்பட்டு மாசி மாதம் வரை அது திறக்கப்படாது. நீலகிரியில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. மூடிய வார்டில் இருமல் சுற்றிச் சுற்றி வரும். மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து ஓதம் ஏறும். ஓதத்தின் பின்னாலேயே கரும்பூஞ்சை வரும்.

இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியுள்ள பொது வார்டில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் வெளிக்காற்று வர வேண்டும் என்றும், காற்றில் பரவும் நோய் உள்ளவருக்கான தனி அறையில் அது 160 லிட்டராக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் ஆறு படுக்கை வார்டுக்கு இது நொடிக்கு 360 லிட்டர். வார்டின் பரப்பு 60 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளிருக்கும் காற்று முழுவதும் மணிக்கு ஏழு முறை மாறியாக வேண்டும். அப்படிக் காற்று மாறும் அறையை மின்சார ஹீட்டரால் சூடாக்க நினைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

எனவே காற்று ஒரு வழியிலும் கதகதப்பு வேறு வழியிலும் வரட்டும். எதிரெதிர்ச் சுவர்களில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாரல் புகாதபடி சாய்ந்த பலகைகள் பொருத்திய மேல்ஜன்னல்களை வையுங்கள். காற்று படுத்திருப்பவரின் தலைக்கு மேலாகக் கடந்து செல்லும், முகத்தில் அடிக்காது. இவற்றுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் தாழ்ப்பாள் இருந்தால் யாராவது போட்டுவிடுவார்கள். பார்வைக்கும் வெளிச்சத்துக்குமான கீழ்ஜன்னலை இரவில் தாராளமாக மூடிக்கொள்ளலாம்.

கதகதப்பை முதலில் வெயிலிடம் கேளுங்கள். நீலகிரி வட அட்சரேகை 11 பாகையை ஒட்டி இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து தெற்கே 34 பாகை அளவுக்குச் சாய்ந்து நிற்கும். தெற்கு பார்த்த வார்டுக்குள் அந்த வெயில் நன்றாக நுழையும். சித்திரை வைகாசியில் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு மேலே இருப்பதால், குறுகிய இறவாரமே அதைத் தடுத்துவிடும். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுவானது என்பதால், சேமிப்பறை, கழிப்பறை, படிக்கட்டு ஆகியவற்றை வடக்கிலும் கிழக்கிலும் தள்ளிவிடலாம். மற்றதைக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் பார்த்துக்கொள்ளும். கரிக் கணப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் வார்டுக்குள் கொண்டுவர விடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மூடிய அறையில் உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கேள்வி: ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தால் நோய் குணமாகும் என்கிறார்களே, இது உண்மையா?
— வாசகர், கூடலூர்

பதில்: நோய் குணமாகும் என்பது மிகை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டு 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜன்னலில் மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் செலவின்றிக் கிடைக்கும் நன்மையை ஏன் விட வேண்டும்?

நம் ஊரில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து மூன்றரை அடியில் தொடங்குவதுதான் குறை. நிற்பவருக்குத் தேயிலைச் சரிவு தெரியும். படுத்திருப்பவருக்கு வானம் மட்டுமே தெரியும், அதுவும் மஞ்சு இறங்கினால் வெள்ளைச் சுவர்தான். விளிம்பை இரண்டடிக்குத் தாழ்த்திப் பாதுகாப்புக் கம்பி போட்டால் போதும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். புதிய கட்டடம் என்றால் நோயாளிகளின் வசதியை மட்டுமே பேசுகிறார்கள். எங்களுக்கென்று எதைக் கேட்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

பதில்: முதலில், வரைபடம் முடிவதற்குள் இரவுப் பணி பார்ப்பவர்களை அழைத்துக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள், அம்மா. மருந்து அலமாரி, துணி அலமாரி, கை கழுவும் தொட்டி ஆகிய மூன்றும் எங்கே இருந்தால் நடை குறையும் என்பது உங்களுக்குத் தெரிவதுபோல் கட்டடக் கலைஞருக்குத் தெரியாது. செவிலியர் மேசையிலிருந்து எல்லாப் படுக்கைகளும் கண்ணில் பட வேண்டும். இல்லையேல் அந்தக் குறையை உங்கள் கால்கள்தான் ஈடுசெய்யும்.

அடுத்து, ஜன்னல் உள்ள ஓய்வறை ஒன்று. மாடிப்படிக்குக் கீழே மிஞ்சிய இடத்தை ஓய்வறை என்று காட்டினால் ஏற்காதீர்கள். அதை ஒட்டி, நனைந்த மழைக்கோட்டும் ஸ்வெட்டரும் உலர ஒரு சிற்றறை வேண்டும். சமவெளியில் வரையப்படும் படங்களில் இது இருப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈர உடையோடு எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தகரக் கூரையானால் அடியில் ஒலியை உள்வாங்கும் அட்டைகளைப் பதிக்கச் சொல்லுங்கள். வார்டில் இரவு ஒலியளவு 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்தது. பெருமழை கொட்டும் தகரத்தின் கீழ் நோயாளி முனகுவது உங்களுக்குக் கேட்காது, நீங்கள் அழைப்பது மருத்துவருக்கும் கேட்காது.

கேள்வி: வார்டுச் சுவருக்கு எந்த வண்ணம் நல்லது?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: சுவருக்கு ஓதம் தாங்கும், கழுவக்கூடிய எந்த வெளிர் வண்ணமும் சரி. படுத்திருப்பவர் நாள் முழுவதும் பார்ப்பது விட்டத்தைத்தான். பின்லாந்தின் பைமியோவில் 1933-இல் கட்டி முடிக்கப்பட்ட காசநோய் மருத்துவமனையில், அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ நோயாளி அறைகளின் மேற்கூரைக்கு மென்பச்சை பூசினார். விளக்குகளையும் நோயாளியின் கண்ணில் படாத இடத்தில் வைத்தார். உங்கள் வார்டில் கட்டிலுக்கு நேர் மேலே குழல்விளக்கு இருந்தால், வண்ணம் வாங்கும் முன் அதைத் தலைமாட்டுச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.