‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்று சொன்ன பிறகு

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. கன்னத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஓராண்டுக்குள் கழுத்தில் மறுபடியும் கட்டி வந்து, இப்போது உடைந்து புண்ணாகியிருக்கிறது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் ஆகாரம் கொடுக்கிறோம். இனிச் சிகிச்சையால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். வலியால் இரவில் தூங்குவதே இல்லை. மார்ஃபின் கொடுக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். அதைக் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று உறவினர்கள் தடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லங்கள் இருக்கின்றனவாமே, எங்கே, எப்படிச் சேர்ப்பது? வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். (ஒரு வாசகி, முசிறி)

பதில்: எங்கே சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், நீங்கள் இடையில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துபோன மார்ஃபினை, அபினியிலிருந்து எடுக்கப்படும் அந்த வலுவான வலி மருந்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். இன்றிரவு உங்கள் தந்தை தூங்கினால், மற்ற முடிவுகளை நாளைக் காலையில் நீங்களும் அம்மாவும், முடிந்தால் அவரும் சேர்ந்து நிதானமாக எடுக்கலாம். வலி அடங்காத வீட்டில் எடுக்கப்படும் முடிவு என்பது பெரும்பாலும் நள்ளிரவில் 108-ஐ அழைப்பதுதான்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற பேச்சு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பல இடங்களில் அதைக் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் கொடுத்தார்கள். கொடுத்த பிறகு மரணம் வந்ததைப் பார்த்தவர்கள், கொடுத்ததால் வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்கான படிப்படியான சிகிச்சை முறையில் மார்ஃபினை மேல்படியில் வைத்தது. குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போனால், மாதக்கணக்கில் அதை எடுத்துக்கொண்டு நடமாடுபவர்களும் உண்டு. உலகத்தின் மருந்துத் தேவைக்கு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்று அபினி விளைவிக்கும் நாடு நம்முடையது. அந்த நாட்டில் ஒரு பெரியவர் வலியில் விடிய விடிய உட்கார்ந்திருப்பதை ஒரு மருத்துவனாக என்னால் ஏற்க முடிவதில்லை.

கொடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். ஆகவே வலி வந்த பிறகு கொடுப்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கொடுப்போம். நடு இரவில் எழுப்ப வேண்டியிராமல், இரவு 10 மணி அளவை இரட்டிப்பாக மருத்துவரே எழுதித் தருவதும் வழக்கம். நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதை முதல் நாளே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தந்தை குழாய் வழியாக எடுத்துக்கொள்பவர் என்பதால் இன்னொன்றும் முக்கியம். சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடலாம். மெதுவாகக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையை ஒருபோதும் பொடிக்கக் கூடாது, பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். எந்த வகை என்பதை மருந்து வாங்கும் இடத்திலேயே கேட்டு, அட்டையின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

மார்ஃபின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்ஃபின் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மலச்சிக்கல் வரும், அது தானாகச் சரியாகாது. குமட்டல் வந்தால் சில நாட்களில் அடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் அவர் நிறையத் தூங்கக்கூடும். அதில் பாதி, வாரக்கணக்காகத் தூங்காத மனிதரின் பாக்கித் தூக்கம். எழுப்பினால் விழித்து அடையாளம் கண்டுகொள்கிறார் என்றால் பயமில்லை. எழுப்பியும் விழிக்கவில்லை, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதபோது இப்படி ஆகும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இந்த மாத்திரை தெருமுனை மருந்துக்கடையில் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மருத்துவமனை இதை வைத்திருக்கவே பல உரிமங்கள் தேவைப்பட்ட காலம் இருந்தது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்றானது. எனவே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை எது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. திருச்சி, தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், அவருக்குக் கதிர்வீச்சு கொடுத்த மருத்துவமனையிலும் விசாரியுங்கள். நோயைக் குணப்படுத்த முடியாதபோது வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சையை ‘நோய் ஆதரவு’ என்பார்கள். போவதற்கு முன் தொலைபேசியில், ‘நோய் ஆதரவுப் பிரிவு எந்தக் கிழமையில் நடக்கிறது, மார்ஃபின் மாத்திரை இப்போது இருப்பில் இருக்கிறதா, அடுத்த முறை நோயாளி வராமல் நான் மட்டும் வந்து வாங்கலாமா’ என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். வாடகைக் கார் பிடித்து நோயாளியையும் அழைத்துக்கொண்டு போய்க் கைவீசித் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, எங்கே சேர்ப்பது என்பதற்கு வருகிறேன். குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை ஹாஸ்பிஸ் என்கிறோம். இன்றுள்ள அந்த அமைப்பு 1967-ல் லண்டனில் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்திலிருந்து வந்தது. இந்தியாவில் 1986-ல் மும்பையில் சாந்தி அவேதனா என்ற இல்லம் தொடங்கியது. சென்னை மணலிப் பகுதியில் புற்றுநோயாளிகளுக்கென்றே ஜீவோதயா என்ற இல்லம் இருக்கிறது. ஆனால் முசிறியிலிருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல். கழுத்தில் திறந்த புண்ணோடு ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோவதையும், பிறகு அம்மா அங்கே தனியாகத் தங்குவதையும் யோசித்துப் பாருங்கள். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய் ஆதரவு இயக்கம் வேறு வழியில் போனது: நோயாளியை இல்லத்துக்குக் கொண்டுவராமல், செவிலியரையும் தன்னார்வலரையும் நோயாளியின் வீட்டுக்கு அனுப்பியது. நம் ஊர்களுக்குப் பொருந்துவது அதுதான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவதாகவே பலர் அறிவார்கள். வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சேவை தருவதும் அதன் பகுதி. வட்டார அளவில் அதற்கென்று செவிலியர் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடமோ போய், ‘நோய் ஆதரவு’ என்ற சொல்லைச் சொல்லியே பெயரைப் பதிவு செய்யுங்கள். வெறுமனே ‘அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை’ என்றால் வேறு வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மூக்கில் போட்ட குழாயை மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது ஆகியவற்றை அந்தச் செவிலியர் செய்வதோடு, உங்களுக்கும் கற்றுக்கொடுப்பார்.

இல்லம் தேவைப்படும் தருணங்களும் உண்டு. வலியோ மூச்சுத் திணறலோ வீட்டில் கட்டுப்படாதபோதும், பார்த்துக்கொள்பவரே படுத்துவிட்டபோதும் ஒரு வாரம் பத்து நாள் சேர்த்துவிட்டுத் திரும்ப அழைத்துவரலாம். ஒருமுறை சேர்த்தால் கடைசிவரை அங்கேதான் என்பதில்லை. இரவில் செவிலியர் இருக்கிறாரா, மார்ஃபின் அவர்களிடம் உண்டா, மூக்குக் குழாயும் திறந்த புண்ணும் உள்ளவரைச் சேர்ப்பார்களா, வீட்டார் ஒருவர் கூடத் தங்கலாமா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது முதியோர் இல்லம்தான். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை முடிந்துவிட்டது, இனி ஆதரவு சிகிச்சை மட்டும் என்று புற்றுநோய் மருத்துவர் எழுதிய கடிதம் இல்லாமல் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்துப் புண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் மார்ஃபின் வேளை வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்த்தெடுக்காமல், காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீரை விட்டு நன்றாக ஊறிய பிறகு எடுங்கள். நாற்றத்துக்கு மெட்ரோநிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்; சில நாட்களில் அறையின் வாடை மாறும். நாற்றத்துக்குப் பயந்து வாசலோடு நின்றுவிட்ட பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்கார்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஈ உட்காராதபடி பகலிலும் கொசுவலை கட்டுங்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய புண் கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்வரை அரித்துவிட்டால் திடீரென்று ரத்தம் பீறிட்டு வரலாம். எல்லோருக்கும் நடப்பதில்லை, உங்கள் தந்தைக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதை அவரைப் பார்த்த மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அடர் சிவப்பிலோ கருநீலத்திலோ நான்கைந்து பெரிய துண்டுகளைக் கட்டிலின் கால்மாட்டில் மடித்து வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பரவுவதைப் பார்ப்பது அவருக்கும் அம்மாவுக்கும் பெரிய அதிர்ச்சி. அடர் நிறத் துணியில் அது தெரியாது. அப்படி நேர்ந்தால் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். அந்த நேரத்துக்கு ஒரு மயக்க மருந்தை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தருவதும் உண்டு.

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. வீட்டார் ஒளித்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு விவசாயி, மகன் தண்ணீர் எடுக்க வெளியே போன இரண்டு நிமிடத்தில், ‘ஐயா, அவன் தாங்கமாட்டான், அவன்கிட்ட சொல்லிடாதீங்க’ என்றார். அதே வேண்டுகோளை மகன் அரை மணி நேரம் முன்புதான் என்னிடம் வைத்திருந்தார். நீங்களாக எதையும் அறிவிக்க வேண்டாம். ‘அப்பா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவரால் பேச முடியாவிட்டால் ஒரு சிலேட்டோ நோட்டோ கொடுங்கள்.

அவர் தெளிவாக இருக்கும்போதே, மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாசக் கருவியில் போட வேண்டுமா என்பதையும் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டாலே முன்விருப்ப ஆவணம், அதாவது கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, செல்லும் என்றது. வீட்டிலேயே இருக்கப்போகிறவருக்கு அந்த ஆவணம் கட்டாயமில்லை. சென்னையிலிருந்து வரும் அண்ணனோ சித்தப்பாவோ கடைசி நேரத்தில் ‘ஐசியூவில் சேருங்கள்’ என்று நிற்கக்கூடிய வீடுகளில் அது உதவும்.

கடைசி நாட்களில் அவர் குழாய் உணவையும் தாங்கமாட்டார். வயிறு உப்பும், வாந்தி வரும். அப்போது அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் பட்டினி போடுவதாகாது. உடல் ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டது. ‘ஒரு பாட்டில் ட்ரிப்ஸாவது ஏற்றுங்கள்’ என்று வருபவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்த நிலையில் ஏற்றும் நீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கி மூச்சிரைப்பைத்தான் கூட்டும். கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், மூச்சு சற்று நின்று பிறகு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்பவரை வாட்டும் அளவுக்கு, நினைவில்லாத அவரை வாட்டுவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும், ஊசி மருந்தும் உண்டு. பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவருக்குக் கரண்டியில் விட்டால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தடவினால் வழக்கமும் நிறைவேறும், அவருக்கும் இதமாக இருக்கும். ஆளுக்கு ஒரு முறை, அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

வீட்டில் இறந்தால் காவல் துறைக்குப் போக வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். நோயால் வந்த இயற்கை மரணத்துக்கு அது தேவையில்லை. கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவர் 4ஏ படிவத்தில் இறப்பின் காரணத்தைக் கட்டணமின்றி எழுதித் தருவார். ஊராட்சியானால் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரமானால் நகராட்சி சுகாதாரப் பிரிவிலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். மீதமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளைக் குப்பையில் போடாமல், வீட்டிலும் வைத்துக்கொள்ளாமல், எண்ணிப் பார்த்து, வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.