பீரோ நிறையப் பொம்மைச் சட்டை: சொத்தா, செலவா?

கேள்வி: எனக்கு வயது 38. பல்லடத்தில் வசிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் 34,000 ரூபாய். கணவர் ஆறு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்கிறார். மாதம் சராசரியாக 40,000 வரும், நிச்சயமில்லை. பதினோரு ஆண்டுகளாகப் பார்பி பொம்மைக்கான உடை, செருப்பு, கைப்பை, சொப்பு அளவு நாற்காலி, பாத்திரம் என்று சேர்த்துவருகிறேன். நோட்டுக் கணக்குப்படி இதுவரை 4,10,000 ரூபாய். இப்போதெல்லாம் மாதம் 6,000 வரை ஆகிறது. இதை முதலீடு என்கிறேன் நான். மகள் இப்போதுதான் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். அவள் கல்லூரிச் செலவுக்கு மொத்தத்தையும் விற்றுவிடு என்கிறார் கணவர். இதற்கிடையே, தயாரிப்பு நின்றுபோன ஓர் உடைத் தொகுப்பு 62,000 ரூபாய்க்கு வருகிறது. கிரெடிட் கார்டில் 78,000 நிலுவை இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இதைத் தவணையில் வாங்கலாமா? நானே தைத்தும் விற்கிறேன், அதைத் தொழிலாக்கலாமா? சேகரிப்பை மகள் பெயருக்கு எழுதிவைக்கலாமா? இந்த வயதில் இது தேவையா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பதில்: கேட்கமாட்டேன். நவராத்திரிக்குப் படி கட்டி மரப்பாச்சியும் செட்டியார் பொம்மையும் அடுக்குகிறவர்களிடம் யாரும் வயது கேட்பதில்லையே.

62,000 ரூபாய்த் தொகுப்பு வேண்டாம். அதன் விலை நியாயமா என்பதற்குள்ளேயே நான் போகவில்லை. உங்கள் கார்டு நிலுவைதான் காரணம்.

குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நிலுவையில் 5 சதவீதம் என்றால் 3,900 ரூபாய் கட்டுகிறீர்கள். கார்டு வட்டி மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,730. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 491. ஆக, கட்டிய 3,900இல் 3,221 ரூபாய் அப்படியே போய்விடுகிறது. கடன் குறைவது 679 ரூபாய்தான். போதாததற்கு, நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் கால அவகாசம் கிடையாது. இந்த மாதம் 350 ரூபாய்க்கு வாங்கிய நகக்கண் அளவு இளஞ்சிவப்புச் செருப்புக்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. (350 ரூபாயை எடுத்துக்கொண்டு காதர்பேட்டைக்குப் போனால் மனிதர் போடும் பனியனே இரண்டு மூன்று வாங்கலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.)

வீட்டில் ஒரு சங்கிலி இருக்குமல்லவா? அதை வங்கியில் வைத்து நகைக் கடன் வாங்கிக் கார்டுக் கடனை ஒரே நாளில் அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது கட்டும் 3,900, பொம்மைக்குப் போகும் 6,000, இரண்டும் சேர்ந்த 9,900ஐ மாதாமாதம் நகைக் கடனில் கட்டினால் ஒன்பதாவது மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை பீரோவுக்குள் புதிதாக ஒரு பொத்தான்கூட நுழையக் கூடாது. கடன் தீர்ந்த மறுமாதம் முதல் 2,000 ரூபாய் பொம்மைக்கு, 7,900 ரெக்கரிங் டெபாசிட்டுக்கு. மகள் பிளஸ் டூ எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டு தவணை போனாலே அசல் மட்டும் 94,800 சேரும். கல்லூரிச் செலவு முழுவதும் இதில் அடங்காதுதான். ஆனாலும் முதல் ஆண்டுக்கு யாரிடமும் கைநீட்டாமல் தொடங்கலாம்.

இனி, 4,10,000.

நீங்கள் நோட்டில் எழுதியிருப்பது செலவழித்த தொகை. சொத்துக் கணக்கில் எழுதவேண்டியது விற்றால் கைக்கு வரும் தொகை. இரண்டும் ஒன்றென்று நினைப்பதற்கு, ஆன்லைனில் பார்க்கும் விலைகள் ஒரு காரணம். அங்கே தெரிவது விற்பவர் கேட்கும் விலை. அதே உடை ஒன்பது மாதமாக அதே விலையில் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தால், அந்த விலைக்கு ஆளில்லை என்றுதானே பொருள்? விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் தனியாக வடிகட்டிப் பாருங்கள்.

பழைய பார்பி உடைகள் பெரும் விலைக்குப் போவதாக நீங்கள் படித்திருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் எவை போகின்றன என்று கவனியுங்கள். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மாட்டெல் நிறுவனம் அந்தப் பதினொன்றரை அங்குலப் பொம்மையை அறிமுகப்படுத்தியபோது விலை 3 டாலர். பொம்மையைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, உடைகளைத் தனித்தனியாக விற்றுத் தொடர்ந்து சம்பாதிப்பது ஏற்பாடு. அந்த உடைகள் ஜப்பானில் தைக்கப்பட்டவை; பொடி ஜிப்பும் பொத்தானும் வைத்து, பல வேலைகள் கையாலேயே முடிக்கப்பட்டவை. அவற்றை யாரும் பாதுகாக்கவில்லை, குழந்தைகள் விளையாடித் தீர்த்தார்கள். கையுறை தொலைந்தது, ஒரு செருப்பு சோபாவுக்கு அடியில் போனது, மீதியை அம்மா குப்பையில் கொட்டினார். அதனால்தான் முத்துமாலை, செருப்பு, கையுறை என்று எதுவும் குறையாமல் தப்பிப் பிழைத்த 'ஈஸ்டர் பரேட்' போன்ற ஒரு தொகுப்புக்கு இன்று அடித்துக்கொள்கிறார்கள்.

இப்போது வருபவை அப்படியா? 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று பெட்டியிலேயே அச்சிட்டு வருகின்றன. வாங்குகிற எல்லோரும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருள் இருபது ஆண்டு கழித்து எப்படி அரிதாகும்? அமெரிக்காவில் 1990களின் பிற்பாதியில் பீனி பேபீஸ் என்ற துணிப் பொம்மைகளை ஓய்வூதிய நிதிபோல நினைத்து வாங்கிக் குவித்தார்கள். மோகம் கலைந்ததும் பெட்டி பெட்டியாகப் பரணில் தங்கிவிட்டன.

ஊரைச் சொல்வானேன், எனக்கும் ஒரு பெட்டி உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதந்தோறும் அஞ்சல் தலைகளும் முதல் நாள் உறைகளும் (தலை வெளியாகும் நாளன்றே முத்திரை குத்திய உறைகள்) வாங்கினேன். பின்னாளில் வரப்போகும் விலையை மனத்தில் வைத்துத்தான். இருபது ஆண்டு கழித்துக் கோவையில் ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். பெட்டியை எடை பார்ப்பதுபோல் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, அஞ்சல் தலையில் அச்சிட்டிருந்த மதிப்பைவிடக் குறைவாக ஒரு தொகை சொன்னார். திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது அதைப் பிரித்துப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என் சொத்துப் பட்டியலில் அதற்கு நேரே சுழியம்.

நீங்களும் உங்கள் பீரோவைச் சோதித்துப் பார்க்கலாம். இரட்டையாக இருப்பவை, மனத்துக்கு ஒட்டாதவை என்று பத்துப் பொருள்களை எடுங்கள். வாங்கிய விலை மொத்தம் 20,000 என்று இருக்கட்டும். முப்பது நாளில் விற்றுப் பாருங்கள். கூரியர் செலவு போக 8,000 வந்தால், மீதிக்கும் நூற்றுக்கு நாற்பது என்று கணக்கிடலாம். கணவர் சொல்வதுபோல் மொத்தமாகத் தள்ளினால் அதுவும் வராது; மொத்தமாக எடுப்பவர் தன் லாபத்தையும் தேங்கப்போவதையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். ஆகவே அவசரத்துக்கு விற்காதீர்கள். முதலீடு என்றும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. பொம்மைச் சாமான்களைப் பிவிசி பிளாஸ்டிக் கவர்களிலிருந்து எடுத்துவிடுங்கள். நாளாக நாளாக பிளாஸ்டிக்கை மென்மையாக்க அதில் சேர்த்த இளக்கிகள் கசிந்து, செருப்பும் கைப்பையும் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். உலோகத் தோடு போட்ட பொம்மையின் காது பச்சையாவதைப் பார்த்திருப்பீர்கள், அதையும் கழற்றிவிடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

தைத்து விற்பது. ஒரு கவுனுக்குத் துணியும் நூலும் 40 ரூபாய், பேக்கிங்கும் கூரியரும் 60, விற்பது 250, தைக்க மூன்று மணிநேரம் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மிஞ்சுவது 150, மணிக்கு 50 ரூபாய். உங்கள் சம்பளத்தை 26 நாள், எட்டு மணிநேரம் என்று வகுத்தால் மணிக்கு 163 வருகிறது. உங்கள் நிறுவனத்தில் ஓர் ஆர்டருக்கு இப்படி விலை போட்டுக் கொடுத்தால் முதலாளி சும்மா விடுவாரா? 600 ரூபாய் சொல்லுங்கள். அந்த விலைக்கு வாங்குபவர் குறைவாகத்தான் இருப்பார்கள், உங்களுக்கு இருக்கும் நேரமும் குறைவுதானே. பொம்மை மனிதரில் ஆறில் ஒரு பங்கு. நாம் போடும் பனியன் துணி அதன் மேல் சாக்குபோலத் தெரியும், மடித்துத் தைத்த ஓரம் கயிறுபோலத் துருத்தும். பழைய கைக்குட்டையின் மெல்லிய வாயில் (voile) துணியை நீங்கள் தேடிப் பிடித்து வெட்டுவதற்கும், விரல் அகலக் கழுத்தில் பொத்தான் வைப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த 600. பொம்மை நிறுவனத்தின் பெயரையோ முத்திரையையோ துணி லேபிளில் போடாதீர்கள்; 'பதினொன்றரை அங்குலப் பொம்மைக்குப் பொருந்தும்' என்பது போதும்.

வரி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொம்மைச் சாமான்களை எப்போதாவது விற்றால் மூலதன ஆதாய வரி பொதுவாக வராது. தைத்து விற்பதும், லாபத்துக்காக வாங்கி விற்பதும் தொழில் வருமானம். அதைக் கணக்கில் காட்டவேண்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் ஜிஎஸ்டி பதிவு குறித்து ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

போகிறபோக்கில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தீர்கள். கணவர் தெரிந்தவர் நடத்தும் சீட்டில் நான்கு ஆண்டுகளாக மாதம் 5,000 போடுகிறார், ரசீது கிடையாது என்பது ஒன்று. பதிவில்லாத சீட்டு சட்டப்படி செல்லாது. நடத்துபவர் கைவிரித்தால் எழுதிக் கொடுத்துக் கேட்க ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பொம்மையைவிட இதுதான் என்னைக் கவலைப்படவைக்கிறது. பார்சல் வந்ததும் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுக் கணவரிடம் பாதி விலை சொல்வீர்கள் என்பது மற்றொன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரமாகப் பார்த்து, கார்டு ஸ்டேட்மென்டை அவர் முன்னால் வையுங்கள். அவரும் சீட்டுக் கணக்கை எடுத்துவரட்டும். நகைக் கடனுக்கு எப்படியும் அவருக்குத் தெரியாமல் சங்கிலியை எடுக்கமுடியாது.

உயில் எழுதத் தடையில்லை. பொருள் வாரியாகப் பட்டியல், புகைப்படம், எது அசல், எது நீங்கள் தைத்தது என்ற குறிப்பு இருந்தால் போதும். அதற்கு முன் மகளிடம் கேளுங்கள். அவள் மொத்தமும் வேண்டாம், அம்மா தைத்த நாலு கவுன் மட்டும் போதும் என்று சொல்லக்கூடும். பட்டியலில் அந்த நாலையும் தனியாகக் குறித்துவையுங்கள்.