பாதி விலைக்கு வந்த பங்கை இன்னும் வாங்கலாமா?

ஓய்வுக்கு 12 வருஷம். சேமிப்பில் 70% மூன்றே பங்குகளில். அதில் ஒன்று நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியுடையது, வாங்கிய விலையில் பாதிக்கு வந்துவிட்டது என்கிறீர்கள். ஆவரேஜ் செய்ய வேண்டாம், அதாவது விலை இறங்கியதே என்று மேலும் வாங்கி சராசரி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். 50% விழுந்தது பழைய விலைக்கு வர 100% ஏறியாக வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் மாட்டியிருப்பது: கம்பெனி சறுக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். முதலில் அதை விற்று, பரந்த இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள பல கம்பெனிப் பங்குகளையும் சேர்த்து வைத்திருக்கும் நிதி) மாற்றுங்கள். அந்த நஷ்டத்தை மற்ற இரண்டை விற்று வரும் லாபத்தில் கழிக்க முடியுமா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள். முடியுமென்றால் அவற்றையும் அதே நிதியாண்டில் குறைத்துவிடலாம். மொத்த சேமிப்பைப் பங்கு 60%, கடன்பத்திரம் 40% என்று வைத்தால், அந்த விகிதம் 5 சதவீதப் புள்ளி விலகும்போது மட்டும் சரிசெய்தால் போதும். பங்கு பொறுக்கும் ஆசை விடவில்லையா? மொத்தத்தில் 5% தனிக் கணக்கில் வையுங்கள். கரைந்தால் மறுபடி நிரப்பாதீர்கள்.