பக்கச் சுவர் புடைத்த டயரில் ஓட்டலாமா?

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன்பு, 2017-ஆம் ஆண்டு மாடல் கார் ஒன்றைத் தரகர் மூலம் வாங்கினேன். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு வேலைக்குச் சென்று வர அதைத்தான் பயன்படுத்துகிறேன். சென்ற வாரம் வண்டியைக் கழுவும்போது, முன்பக்க இடது டயரின் பக்கச் சுவரில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பைக் கண்டேன். காற்று இறங்கவில்லை. டியூப் போட்டுவிட்டால் ஆறு மாதம் ஓடும் என்கிறார் பஞ்சர் கடைக்காரர். பின்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் போதும் என்கிறார் நண்பர். டிரெட் இன்னும் நன்றாக இருப்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இன்றே அந்த டயரைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். புது டயர் வாங்கும் வரை அதில் மெதுவாக ஓட்டலாம். புடைத்த டயரில் இனி ஒரு நாள்கூட எண்ணூர் போய் வர வேண்டாம்.

இப்போதைய கார்களில் வரும் ரேடியல் டயரில், தரையைத் தொடும் டிரெட்டுக்கு அடியில் எஃகு இழைப் பட்டைகள் உண்டு. பக்கச் சுவரில் அவை இல்லை. பெரும்பாலும் பாலியெஸ்டர் இழைகளாலான ஓரிரு அடுக்குகளே அங்கே உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. சக்கரம் வேகமாகப் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, பக்கச் சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, அந்த இழைகள் அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுவதைத்தான் நீங்கள் புடைப்பாகப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் காற்றைப் பிடித்து நிறுத்தியிருப்பது ரப்பர் மட்டுமே. சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டியூப் போட்டால் காற்றுக் கசிவு நிற்கலாம். அறுந்த இழை ஒட்டாது. உள்ளிருந்து ஒட்டும் காளான் வடிவ ரப்பர் ஒட்டான காளான் பேட்ச் என்பது டிரெட் பகுதியில் ஆணி ஏறிய, 6 மி.மீ. வரையிலான துளைகளுக்கு உரியது. பக்கச் சுவர் ஓயாமல் வளைந்துகொண்டே இருப்பதால் அங்கே எந்த ஒட்டும் நிலைக்காது. பின்சக்கரத்துக்கு மாற்றுவது நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் தவறான யோசனை. வேகத்தில் பின்டயர் வெடித்தால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் இழுத்துச் சுழலும். அதை ஸ்டீயரிங்கால் அடக்குவது மிகக் கடினம். எண்ணூர் விரைவுச் சாலையில் பக்கத்திலேயே கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும்போது அப்படி நேர்வதை நினைத்துப் பாருங்கள். டிரெட் மிச்சமிருக்கிறதே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால், பக்கச் சுவர் போன டயரில் மிச்சமிருக்கும் டிரெட்டால் பயனில்லை.

பக்கச் சுவரில் தெரிவதெல்லாம் ஆபத்தும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மேலிருந்து கீழாக, உள்ளே குழிந்த மெல்லிய கோடுபோல ஒன்று சில டயர்களில் தெரியும். உள்ளே இழை அடுக்கின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் அது, அதனால் கெடுதல் இல்லை. நடைபாதை ஓரத்தில் உரசிய மேலோட்டமான கீறலையும் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வெளியே புடைத்திருந்தாலோ, வெட்டுக்குள் நூலிழை தெரிந்தாலோ டயரை மாற்றியே ஆக வேண்டும்.

புது டயர் போடும்போது ரிம் நெளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் தவிர்க்காதீர்கள். மற்ற மூன்று டயர்களின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் வண்டியைக் கழுவும்போதுகூடக் கண்ணில் படாது. காற்று குறைவாக இருந்தால் பள்ளத்தில் டயர் எளிதாக நசுங்கும் என்பதால், ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவை, டயர் சூடாகாத நிலையில் வாரம் ஒருமுறை சரிபாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பள்ளத்தில் அடிபட்ட டயருக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. வண்டிக்கும் சேர்ந்து சேதம் ஏற்பட்டிருந்தால் மட்டுமே வழக்கமான முழுக் காப்பீட்டில் டயருக்குப் பணம் வரும். அதுவும் பாதி விலைதான். இரண்டு மாதம் ஓட்டிவிட்ட பிறகு தரகரிடம் கேட்பதில் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். டயரில் எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், விற்பனைக்கு வைக்கும் வண்டிகளின் டயரில் பூசும் கறுப்புப் பாலிஷ் சிறு வெடிப்புகளை மறைத்துவிடும். பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளையடுத்து வரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 3117 என்றால் 2017-இன் 31-ஆவது வாரம். சில டயர்களில் இது உட்பக்கம் மட்டுமே இருக்கும், குனிந்து தேட வேண்டும். டிரெட் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் அந்த டயரின் விலையைப் பேரத்தில் கழித்துக் கேளுங்கள். ஸ்டெப்னியையும் டிக்கியிலிருந்து வெளியே எடுத்து, இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.