லூப் ரோடு சைப்ரஸ் சதுப்பு: கேள்வி பதில்

புளோரிடாவின் பிக் சைப்ரஸ் காப்புநிலத்துக்குள் போகும் லூப் ரோடு பற்றி வந்த கேள்விகள்.

கார்த்திக்: மயாமியிலிருந்து வருகிறோம். எப்போது வரலாம்? சாதாரண கார் போதுமா?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. நெடுஞ்சாலை 41ல் மேற்கே வந்து ஃபார்ட்டி மைல் பெண்டில் இடப்பக்கம் திரும்புங்கள். சுமார் 24 மைல் போனால் பழைய மன்றோ ஸ்டேஷன் இருந்த இடத்தருகே மறுபடி 41ல் ஏறிவிடலாம். கிழக்கு முனையில் தார், பிறகு ஜல்லிப் பாதை. காய்ந்திருந்தால் சாதாரண கார் போதும். மழைக்குப் பிறகு குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். ஓர மண்ணில் சக்கரத்தை இறக்காதீர்கள்.

மீனா: மரமெல்லாம் பட்டுப்போன மாதிரி இருக்கிறதே?

பட்டுப்போகவில்லை. சைப்ரஸ் ஊசியிலை மரமென்றாலும் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். பிப்ரவரி கடைசியில் தளிர் விடும். மொட்டையாக நிற்கும்போதுதான் கிளைகளில் ஒட்டி வளரும் புரோமீலியட் செடிகள் (அன்னாசிக் குடும்பம்) கண்ணில் படும்.

ரமேஷ்: படம் எடுத்தால் தண்ணீர் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் வருகிறது.

லூப் ரோட்டோரச் சதுப்பான ஸ்வீட்வாட்டர் ஸ்ட்ராண்ட் மாதிரி இடத்தில் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. மரங்களின் இடுக்கில் தெரியும் வானத்தைச் சட்டத்திலிருந்து வெட்டிவிடுங்கள். முடியாவிட்டால் மேகமூட்டமான காலையில் எடுங்கள். போலரைசரை (பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி) முழுக்கத் திருப்பாதீர்கள். பளபளப்போடு பிரதிபலிப்பும் போய்விடும், அடிமரம் தண்ணீரில் இரட்டையாகத் தெரிகிற அழகே அதுதானே! மெல்லத் திருப்பி, அடியில் கிடக்கும் இலை ஒன்றிரண்டு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) போலரைசர் விழுங்கும்; முக்காலி வேண்டும். முக்காலியைச் சாலையிலேயே வையுங்கள், ஓர மண்ணில் அல்ல. கறுப்பு நிறம் அழுக்கல்ல. இலையிலிருந்தும் பட்டையிலிருந்தும் இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்.

ஜெயா: தூரத்தில் மரக்கூட்டம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி தெரிகிறது. நடுவில் மேடா?

நேர்மாறு, நடுவில் பள்ளம். அங்கே தண்ணீர் அதிக நாள் நிற்கும், மட்கு கனமாகச் சேரும், மரம் ஓங்கி வளரும். ஓரத்தில் மண் மெல்லிசு, தீயும் அடிக்கடி எட்டும், மரங்கள் குட்டை. நிலமே மைலுக்கு 2 அங்குலம்தான் சரிகிறது. இங்கே ஒரு சாண் உயரம் கூடினால் சைப்ரஸ் போய்ப் பைன் வந்துவிடும்.

வேலு: சைப்ரஸ் அடிமரத்தைச் சுற்றி வேரிலிருந்து மேலெழுந்து நிற்கும் முட்டிகள் பிச்சாவரத்து அலையாத்தி மாதிரி மூச்சு வேர்கள்தானே?

அலையாத்திக்கு அது தெளிவாக நிரூபணமான வேலை. சைப்ரஸில் அப்படிச் சொல்லிவிட முடியாது. முட்டிகளை வெட்டியும் மரம் சாகவில்லை.

வேலு: சாகவில்லை என்றால் மூச்சு விடவில்லை என்று அர்த்தமா, ஐயா?

நியாயமான கேள்வி. 2015ல் வந்த ஓர் ஆய்வு, முட்டி வழியே வேருக்கு ஆக்சிஜன் போவதைக் காட்டியது. ஆனால் மரம் பிழைக்க அது அவசியமா என்பது வேறு கேள்வி.

சுதா: தாங்கிப் பிடிக்கத்தான் என்று படித்தேன்.

அதையும் சொல்வார்கள். ஆனால் சேற்றில் மரத்தை நிறுத்த அகன்ற அடியும் வேர்ப்பின்னலும் இருக்கின்றன. முட்டி கூடுதலாக எவ்வளவு தாங்குகிறது என்று யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.

வேலு: அப்படியென்றால் மூச்சு வேர் என்றே எழுதலாமே!

முட்டி என்று எழுதுங்கள். எந்தக் கட்சிக்கும் பாதகமில்லை.

பிரியா: எப்போது வந்தால் நல்லது?

முதல் பதில்.

அருண்: பேய் ஆர்க்கிட் எங்கே இருக்கிறது?

இடம் சொல்வதில்லை. திருட்டுப் போகும் செடி.

செல்வி: முதலை அருகில் வந்தால்?

அலிகேட்டர் பெரும்பாலும் மதகருகே படுத்துக் கிடக்கும். 15 அடியாவது தள்ளி நில்லுங்கள், தீனி போடாதீர்கள். புளோரிடாவில் அது குற்றம். மனிதர்கள் தீனி போடுவார்கள் என்று பழகிய அலிகேட்டரைக் கடைசியில் கொன்றுவிடுவார்கள்.

தினேஷ்: ஆகஸ்டில் லீவு கிடைக்கிறது. வரலாமா?

கொசுவும் வெள்ளமும் பரவாயில்லை என்றால் வாருங்கள். ஓர மண்ணில் மட்டும்... மூன்றாவது தடவை சொல்கிறேன்.